பழ வாசனை

ஒட்டுக் கேட்பது என் வழக்கமில்லை. ஆனால் மயிலாப்பூர் டிராமில் காதை எங்கே வைத்துக்கொள்வது? முன் இருக்கையில் இரண்டு குமாஸ்தாக்கள். பருத்தவர் மெல்லச் சொன்னார்:

"எங்காத்துக்காரி வாய்ல பழ வாசனை வரது ஓய். ஆத்துல பழமே வாங்கறதில்லை."

"டாக்டர்ட்ட காட்டினீரா?" என்றார் ஒல்லியானவர்.

"காட்டினேன். பட்டினி கெடந்தா உடம்பு தன் கொழுப்பையே கரைச்சு எரிச்சுக்குமாம். அந்த வாசனையாம்."

"ஆத்துக்காரி விரதம் இருக்கறதா ஆபீஸ் பூரா பெருமையடிச்சுண்டிருந்தீரே."

"ஆமா. செவ்வாய், வெள்ளி, ஏகாதசி, கிருத்திகை. எனக்குச் சம்பளம் குறைச்ச மாசத்துலேர்ந்துதான் ஒண்ணொண்ணாக் கூடித்து. அப்போ எனக்கு ஒண்ணும் தோணலை."

"விரதத்தன்னிக்கு ராத்திரி பலகாரம் உண்டே?"

"உண்டு. பசியில்லைன்னு அதையும் என் எலையில போடுவா. நானும் சாப்பிடுவேன்."



"டாக்டர் வேற என்ன சொன்னார்?"

"எந்த சுவாமிக்கு இத்தனை விரதம்னு அவளைக் கேட்டார். அவ என்னைப் பார்த்தா. டாக்டர் திரும்பி என் வயித்தைப் பார்த்தார்."

லஸ்ஸில் டிராம் நின்றது. பருத்தவர் எழுந்து, தோளில் மடித்துப் போட்டிருந்த அங்கவஸ்திரத்தைப் பிரித்து, வயிற்றை மூடிக்கொண்டு இறங்கினார்.