தலைவர் கையெழுத்திட மறுத்துவிட்டார்

கூட்டக் குறிப்பு எழுதுவதென்றால் எனக்குக் கொள்ளை ஆசை ஐயா. விசாரணைக்கு வந்த உங்களுக்கும் அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் காட்டினேன்.

மூளை செயலிழந்த நோயாளி இறந்தவரா இல்லையா என்று முடிவு செய்ய எங்கள் ஆஸ்பத்திரியில் மூன்று பேர் குழு உண்டு. மூளை நின்றால் மரணம் என்பார் டாக்டர். இதயம் துடிக்கும் வரை உயிர் என்பார் மதச் சட்டம் படித்த பெரியவர். இழுபறியைத் தீர்ப்பவர் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி. நான் குழுவின் எழுத்தர்.

ஒருநாள் என் குறிப்பில் நாலாவது பிழையைச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருந்த தலைவர், மூளையில் ரத்தக் குழாய் வெடித்து மேசையிலேயே சாய்ந்தார்.

மூளை நின்றுவிட்டது; மெஷின் மூச்சில் இதயம் மட்டும் துடித்தது. மூன்று பேர் இல்லாமல் கூட்டம் செல்லாது. அதனால் நாற்காலிகளை அவர் கட்டிலைச் சுற்றிப் போட்டேன். வருகைப் பதிவில் மூவர்.

டாக்டர் கத்தினார். "யோவ், செத்தவரு எப்படிய்யா கூட்டத்துல உட்காருவாரு?"

"செத்தாரா இல்லையான்னு பேசத்தானே சார் கூட்டம்? முடிவு வர்ற வரைக்கும் அவர் தலைவர்."

பெரியவர் தலையாட்டினார். ஆளுக்கொரு பக்கம், தீர்ப்பு தலைவருடையது. "தாங்கள் உயிரோடு இருப்பதில் ஆட்சேபம் உண்டா?" என்று பணிவாகக் கேட்டேன். அவர் ஆட்சேபிக்கவில்லை.

ஆறாவது வாரம் பெரியவரே இறங்கி வந்தார். "நூலையெல்லாம் புரட்டிட்டேன் தம்பி. தானா மூச்சு விட முடியாதவரை மெஷின்ல கட்டிப்போடுறது பாவம். விட்டுடுவோம்."

இரண்டுக்கு ஒன்று. ஆனால் தலைவர் கையெழுத்து இல்லாமல் எந்த முடிவும் செல்லாது. பேனாவை அவர் விரலிடுக்கில் வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தேன். 'தலைவர் கையெழுத்திட மறுத்துவிட்டார்' என்று எழுதினேன்.

அவர் மனைவி தினமும் வருவார். "தம்பி, ஒண்ணு அவரை வீட்டுக்கு அனுப்பு, இல்லன்னா என்னை அழ விடு. ரெண்டும் இல்லாம நான் என்னப்பா செய்வேன்?" எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் குறிப்பில் சேர்த்தேன்.

'என்னை மெஷினில் வைக்காதீர்கள்' என்று தலைவர் முன்பே எழுதிக் கொடுத்த கடிதம் எங்கே என்று கேட்டீர்கள். என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அதை யாருக்கும் காட்டாதவன் நான்தான்.

நாலு மாதம், பதினேழு கூட்டம். இதில் எனக்கென்ன லாபம் ஐயா? பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். பத்தொன்பது வருட வேலையில் இந்தப் பதினேழு குறிப்பில் மட்டும்தான் சிவப்பு மை இல்லை.