ஜமீன்தாரைப் பிழைக்க வைத்தவர்

"ஜமீன்தார எதுக்குப் பொழைக்க வச்சீக?"

வடமதுரை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் கணவரிடம் கேட்டாள். ஆபரேஷன் முடிந்து அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறாள் என்பது அவர்கள் பேச்சில் தெரிந்தது. மடியில் ஒரு துப்பறியும் நாவல் விரிந்திருந்தது.

"புத்தகத்துல மொத அத்தியாயத்துலயே அவரக் கொன்னுட்டாகளே. வார்டுல எனக்கு வாசிச்சப்ப, காயத்தோட தப்பிச்சாருன்னீக."

"மாத்தித்தான் வாசிச்சேன்."

"கொலை இல்லாட்டி எனக்குக் கதையே ருசிக்காதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும். டாக்டரு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டாரு. உன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு செத்தாருன்னு வாசிக்க எனக்கு வாய் வரல."

அவள் புத்தகத்தை மெல்ல அவர் மடியில் வைத்தாள்.

"அதான் வீட்டுக்கு வாரேன்ல. இப்பக் கொலையோட வாசிங்க."