முகம் என்று எழுதிய பாட்டில்

படம் விக்கற ஒரு கண்காட்சிக்குக் கிளம்பறதுன்னா முதல் வேலை மேஜைத் துணிக்கு இஸ்திரி போடறது. படம் எவ்வளவு நல்லா இருந்தாலும், துணி கசங்கியிருந்தா ஜனங்க ரெண்டடி தள்ளித்தான் நிப்பாங்க. பதினோரு வருஷமா நான் பாத்தது இது. உன் மேஜைத் துணி எப்பவும் கசங்கித்தான் இருக்கும். தப்பா எடுத்துக்காத, பக்கத்து மேஜைக்காரிங்கற உரிமையில சொல்றேன்.

உக்காரு. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காரு. தம்பி உள்ள படுத்திருக்கான். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தா நாலு மணிக்கு முன்னால எழுந்திருக்க மாட்டான், அதனால நிதானமாவே பேசலாம். நீ வீடியோவுல இருந்து வெட்டி எடுத்துட்டு வந்த படத்தைப் பாத்தேன். மேடை, தம்பியோட கை, கைக்குப் பக்கத்துல பாட்டில் வரிசை. எட்டு மாசமா ஊரே அந்த வீடியோவைப் பாத்துச்சு, சிரிச்சுது. பாட்டிலைப் பாத்தவ நீ ஒருத்திதான். ஸ்டிக்கர் வெட்டற கண்ணு, சும்மாவா.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கற ஆள் நான் இல்லை. கேட்டுட்ட, சொல்லிடறேன். ஆனா முதல்ல இருந்து கேக்கணும், நடுவுல குறுக்கிடக் கூடாது.

அவனுக்கு ஏழு வயசு, எனக்குப் பதினஞ்சு. பள்ளிக்கூடத்துல நாய் வரையச் சொல்லியிருக்காங்க. பச்சையா ஒரு நாயை வரைஞ்சு எடுத்துட்டு வந்து, "அக்கா, நம்ம தெருப் பழுப்பு நாய், அப்படியே இருக்குல்ல?"ன்னான். நான் ரெண்டு கலர் குச்சியை எடுத்து இது என்ன, இது என்னன்னு கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானேக்கா"ன்னான். அன்னிக்கே எனக்கு விளங்கிடுச்சு. சிவப்பு, பச்சை, பழுப்பு, ரோஸ், இதெல்லாம் அவன் கண்ணுக்கு ஒரே குடும்பம். அம்மாகிட்ட காட்டறேன்னு ஓடினவனைப் பிடிச்சு நிறுத்தினேன். "வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்கடா. யார்கிட்டயும் சொல்லாத, நான் பாத்துக்கறேன்"னேன். பச்சை நாயைக் கிழிச்சுப் போட்டுட்டு, ஒவ்வொரு குச்சியிலயும் பேர் எழுதி ஒட்டிக் குடுத்தேன்.

கோடு அவனுது. அதுல நான் பங்கு கேக்க மாட்டேன். ஒரே இழுப்புல ஒரு கிழவனோட முதுகைக் கொண்டு வந்துடுவான். ஆனா கலர் என்னுது. நான் கலந்து, சின்னச் சின்ன பாட்டில்ல ஊத்தி, லேபிள் ஒட்டி வைப்பேன். சிவப்பு, பச்சைன்னு எழுதினா அவனுக்கு அதுல அர்த்தம் இல்லை. அதனால முகம், கன்னம், உதடு, இளம் இலை, காஞ்ச இலை, செங்கல்னு எழுதுவேன். எந்த இடத்துல எது போகணும்னு அவனுக்கு அத்துப்படி. எந்த பாட்டில்ல எது இருக்குன்னுதான் தெரியாது. படிச்சுட்டுப் போடுவான். உலகத்துல வேற எந்த ஓவியனாவது படிச்சுட்டுக் கலர் போடுவானா, எனக்குத் தெரியலை.

அவனுக்கு வாயும் கிடையாது, உனக்கே தெரியும். யாராவது வந்து நின்னா குனிஞ்சு பேனா மூடியைத் திருகிக்கிட்டு இருப்பான். எந்தப் பதிப்பகத்துக்காரர் எந்த வரிசையில சுத்தறாருன்னு பாத்து, முகவரிச் சீட்டைக் குடுத்து, அவர் போட்ட புத்தகத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசி, கையோட மேஜைக்குக் கூட்டிட்டு வர்றது நான். எங்களுக்குள்ள ஒரு பழக்கம் இருந்துச்சு. ஜனங்க முன்னால கலர் போடறப்போ நிமிர்ந்து என்னைப் பாப்பான். என் கை மடியில இருந்தா சரியாப் போகுது, கட்டிக்கிட்டு இருந்தா தப்பு, நிறுத்துன்னு அர்த்தம். நீ பக்கத்துலயே மூணு வருஷம் இருந்த. கண்டுபிடிச்சியா?

அப்புறம் பேர் வந்துச்சு. கோட்டுக்கு இல்லை, கலருக்கு. ஒரு பத்திரிகைக்காரன் மைக்கை நீட்டி, "இந்தக் கலர் உணர்வு உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?"ன்னு கேட்டான். தம்பி என்னைப் பாத்துட்டு, "தானா வருது"ன்னான். அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான். இருந்தாலும் அதைக் காதால கேட்ட அன்னிக்கு ராத்திரி அவனுக்குப் பரிமாறிட்டு நான் சாப்பிடலை. அவன் கவனிக்கவும் இல்லை.

போன வருஷம் அந்தப் பதிப்பகத்து அம்மா வந்தாங்க. அவனோட சொந்தப் புத்தகம், இருநூறு பக்கம், முழுக்கக் கலர். அவங்க இடத்துலயே ஒரு அறை குடுத்து ஆறு மாசம் தங்கி வரையணும்னு சொன்னாங்க. முப்பத்தியொரு வயசுல அவன் அதுக்காகத்தான் காத்துட்டிருந்தான். நான் பெட்டியில என் துணியையும் அடுக்க ஆரம்பிச்சேன். அப்போ வந்து கதவுகிட்ட நின்னுக்கிட்டு சொல்றான், "அக்கா, நீ என்னோட அலைஞ்சது போதும். நான் பக்கத்து மேஜை ஸ்டிக்கர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவ சிரிக்கவே இல்லைக்கா. பாட்டிலைப் போன் கேமராவுல காட்டினா அதுவே கலர் பேரைச் சொல்லிடுமாம். இத்தனை நாளா இதுக்கா பயந்தேன்னு இருக்கு."

சொல்லிட்டுச் சிரிச்சான். இருபத்திநாலு வருஷமா ரெண்டு பேருக்குள்ள இருந்த விஷயம். நீ ஒரு டீ குடிக்கற நேரத்துல அதை ஒண்ணுமில்லாம பண்ணிட்ட. உன் மேல எனக்குக் கோபம் இல்லைன்னு சொன்னா அது பொய். இருந்துச்சு. ஆனா செஞ்சது கோபத்துல இல்லை. யோசிச்சுத்தான் செஞ்சேன். தனியா போய் முன்ன பின்ன தெரியாதவங்க நடுவுல விழுந்தான்னா எழுந்திருக்கவே மாட்டான். விழறதுன்னா நான் பக்கத்துல இருக்கறப்போ விழட்டும். குழந்தைக்கு நடக்கக் கத்துக்குடுக்கறவங்க கையை விட்டுப் பாக்கறது இல்லையா, அந்த மாதிரி.

புத்தகத்தை அறிவிக்கற அன்னிக்கு மேடையில எல்லார் முன்னாலயும் ஒரு படம் வரையணும்னு ஏற்பாடு. என்ன வரையறதுன்னு என்கிட்டதான் கேட்டாங்க. மரம், தெருன்னு ஏதாவது வரைஞ்சா வேலைக்கு ஆகாது. மரம் சிவப்பா இருந்தா அவனோட பாணின்னு சொல்லித் தலையில தூக்கி வெச்சு ஆடுவாங்க. அதனால அந்த அம்மாவோட வீட்டுக்காரரை வரையலாமான்னு கேட்டேன். பதிப்பகத்தை ஆரம்பிச்சவர், போய் ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு. அந்த அம்மா கண்ணு கலங்கிடுச்சு. "என்கிட்ட நல்ல படமா இருக்கறது ஒரு கறுப்பு வெள்ளைதான்மா. உயிரோட இருந்தப்போ எப்படி இருந்தாரோ அதே நிறத்துல ஒரு தடவை பாத்தாப் போதும்"னாங்க. பாவமாத்தான் இருந்துச்சு. அவங்க நல்லவங்க.

"கடைசித் தடவை நீயே கலந்து குடுக்கா"ன்னு தம்பி கேட்டான். கலந்தேன். முகம், கன்னம், உதடு மூணும் ரெண்டு ரெண்டு பாட்டில். ஒண்ணுல அசல். இன்னொண்ணுல முகத்துக்குப் பச்சை, கன்னத்துக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தமான பச்சை, உதட்டுக்குக் காஞ்ச இலை. சும்மா ஊத்திட முடியாது. அவன் கலரைத்தான் பாக்க மாட்டான், வெளிச்சம், இருட்டு வித்தியாசத்தைக் கழுகு மாதிரி பாப்பான். அதனால ரெண்டையும் காகிதத்துல தடவி, போன்ல கறுப்பு வெள்ளைப் படமா எடுத்து, ரெண்டும் ஒரே சாம்பலா வர்ற வரைக்கும் கலந்தேன். ஒம்பது நாள் ஆச்சு. நான் செஞ்ச வேலையிலயே சுத்தமான வேலை அதுதான்னு இப்பவும் சொல்லுவேன்.

அன்னிக்கு நீ நம்ம ரெண்டு மேஜையையும் பாத்துக்கிட்டு கீழ் அரங்கத்துலயே இருந்துட்ட, அதனால நேர்ல பாக்கலை. வீடியோவுல எல்லாம் வராது. கோடு போட்டு முடிச்சப்போ அந்த அம்மா வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க, அப்படியே அவரேதான். அப்புறம் முகம்னு எழுதின பாட்டிலை எடுத்தான். மேல கேமரா, பின்னால பெரிய திரை. முதல் பூச்சு விழுந்ததும் எங்கேயோ ஒருத்தன் சிரிச்சான். தம்பி நிமிர்ந்து என்னைப் பாத்தான். நான் முதல் வரிசை. என் கை மடியில இருந்துச்சு.

குனிஞ்சு கன்னத்தைப் போட்டான். சிரிப்பு பரவுச்சு. திரும்பவும் பாத்தான், கை மடியில. ஜனங்க சந்தோஷத்துல சிரிக்கறாங்கன்னு நெனச்சிருப்பான்போல, அவனும் லேசாச் சிரிச்சுக்கிட்டே ரெண்டாவது பூச்சு குடுத்தான். அந்தச் சிரிப்பு வீடியோவுல இருக்கு. "செத்த மனுஷனைச் செத்த நிறத்துலயே போடறான்டா"ன்னு பின்னால ஒருத்தன் சத்தமாவே சொன்னான். உதட்டுக்கு வந்தப்போ அந்த அம்மா எழுந்து போயிட்டாங்க. அவங்க போறதைப் பாத்துட்டு மூணாவது தடவை என்னைப் பாத்தான். கை மடியிலதான். உதட்டையும் முடிச்சு, கையெழுத்துப் போட்டு, கைதட்டலுக்காக நிமிர்ந்து நின்னான்.

அழாத. தண்ணி வேணுமா? இன்னும் கொஞ்சம்தான்.

முகம் பச்சைன்னு யாரோ சொல்லி, அவன் திரைக்குப் பின்னால போய் ஒளிஞ்சு நிக்கறப்போவே மூணு பாட்டிலையும் கழிவறைக் குப்பையில போட்டுட்டு, அசல் மூணையும் பெட்டியில வெச்சுட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவன் முதல்ல பெட்டியைத்தான் திறந்தான். நீ சொல்லிக் குடுத்த மாதிரியே போனை எடுத்து ஒவ்வொண்ணாக் காட்டினான். முகம்னு எழுதினதுல முகத்தோட நிறம், உதடுன்னு எழுதினதுல சிவப்பு. உன் போன் யோசனை எனக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு. "லேபிள் சரியாத்தானேடா இருக்கு. பதட்டத்துல நீதான் மாத்தி எடுத்துட்ட"ன்னேன். "முகம்னு படிச்சுத்தானேக்கா எடுத்தேன்"னான். "நீ அப்படி நெனச்சுக்கிட்ட"ன்னேன். போனைக் கீழ வெச்சுட்டு, "நீ கையை மடியில வெச்சிருந்தியே"ன்னான். "இல்லைடா. முதல்ல இருந்தே கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். நீதான் கவனிக்கலை"ன்னேன்.

கண்ணை மட்டும் நம்பாம இருந்தவன், அன்னியிலிருந்து எதையுமே நம்பறதை விட்டுட்டான். பிரஷ்ஷைத் தொடறதில்லை. பழம் பழுத்திருக்கான்னுகூட என்னைக் கேட்டுத்தான் வாயில வைக்கறான். பரபரப்பு இல்லை, அலைச்சல் இல்லை. நல்லாத்தான் இருக்கான்.

அந்த அம்மா ரெண்டு மாசம் கழிச்சு எழுதியிருந்தாங்க. 'யானைக்கும் அடி சறுக்கும் தம்பி, எனக்கு உன் மேல வருத்தம் இல்லை, புத்தகம் உனக்காகக் காத்திருக்கு'ன்னு. பெரிய மனசு. அவனுக்கு உடம்பு சரியில்லை, இனிமே வரைய மாட்டான்னு நான்தான் பதில் போட்டேன். நீ பண்ணின போன் எல்லாத்தையும் எடுத்ததும் நான்தான். அவன் உன்கிட்ட பேச இஷ்டப்படலைன்னு சொன்னேனே, அது அவன் சொன்னதில்லை. அவன்கிட்ட உன்னைப் பத்தி வேற சொல்லியிருக்கேன். வீடியோவை முதல்ல ஊருக்கு அனுப்பினது நீதான்னு.

இப்படிப் பாக்காத. நீ நாளைக்கு இன்னொரு கண்காட்சி, இன்னொரு மேஜைன்னு போயிடுவ. இருபத்திநாலு வருஷமா கூட நின்னவ நான்.

கட்டில் சத்தம் கேக்குது, எழுந்துட்டான். இரு, போகாத, நானே கூப்பிடறேன். நான் சொன்னதையெல்லாம் நீ அவன்கிட்ட தாராளமாச் சொல்லு. அந்தப் படத்தையும் காட்டு, முகம்ங்கற லேபிள், அந்தப் பாட்டில் கழுத்துல வழிஞ்சிருக்கற பச்சைச் சொட்டு, எல்லாத்தையும் பெருசு பண்ணியே காட்டு. வாங்கிப் பாப்பான். ரொம்ப நேரம் பாப்பான். அப்புறம் உன்னை விட்டுட்டு என் பக்கம் திரும்பி, "அக்கா, இந்தச் சொட்டு என்ன கலர்?"னு கேப்பான். நான் சொல்லிடுவேன். பாவம், கேக்கறதுக்கு அவனுக்கு என்னை விட்டா வேற யார் இருக்காங்க.