இருபத்து மூன்றாவது கல்

எனக்கு எச்சில் ஆகாது, ஐயா. டீக்கடைக்குப் போனாலும் என் டம்ளரை நானே பையில் கொண்டுபோகிறவன். நீங்கள் வாங்கிவைத்த டீயைக் குடிக்கவில்லை என்று தப்பாக நினைக்க வேண்டாம். விளிம்பில் யாரோ வாய் வைத்த தடம் இருக்கிறது. சொல்ல வேண்டியதை டீ இல்லாமலே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஞானரத்தினம். முப்பத்தோரு வருடம் புவியியல் வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு, ஆறு வருடமாக, ஞாயிறுதோறும் விடியக்காலையில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வேன் வைத்து ஆட்களை மஞ்சக்கரட்டுக்குக் கூட்டிப்போகிறேன். குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் காட்டுக்குள் கிடக்கிற அந்த மொட்டைப் பாறைக்கு ஒரு மவுசு வந்ததே என்னால்தான். நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரன் அங்கே கல்லை உடைத்துத் தங்கப்பொடி கண்டான். மூன்றே மாதத்தில் இரண்டாயிரம் பேர் வந்து குவிந்தார்கள். சந்தை வந்தது, சாராயக்கடை வந்தது, தபால் ஆபீஸ்கூட வந்தது. இரண்டாம் வருடம் தங்கம் தீர்ந்தது, ஊரும் தீர்ந்தது. இப்போது மிச்சம் ஒரு புகைபோக்கி, துரை பங்களாவின் ஒற்றைச் சுவர், நான்கு கல்லறை.

கரட்டு உச்சியில் நின்றால் மேற்கே வாசுதேவநல்லூர் வரைக்கும் மலை நீலமாகத் தெரியும். ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு அதைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? பார்க்க மாட்டார்கள். சுவருக்குப் பின்னால் போய் ஒன்றுக்கு இருப்பார்கள். கல்லறை மேல் உட்கார்ந்து புளிச்சோறு தின்று, அதன் மேலேயே கை கழுவுவார்கள். எல்லோரும் போன பிறகு நான் கையுறை போட்டுக்கொண்டு பொறுக்குவேன். அடுத்தவன் வாயிலிருந்து விழுந்ததை ஆறு வருடம் பொறுக்கிப் பாருங்கள், மனிதர்கள் மேல் இருக்கிற பிரியமெல்லாம் போய்விடும்.

இப்படிச் சுற்றிக்காட்டுகிற நடையின் கடைசி இடம் குழி. நாற்பதடி ஆழம், சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் கல்கட்டு. தங்கம் எடுத்த குழி இதுதான், பதினோரு கூலிகள் உள்ளேயே புதைந்தார்கள், காது கொடுத்தால் இன்றும் குரல் கேட்கும் என்று சொல்வேன். பதினொன்று என்பது நானாகப் போட்ட எண்ணிக்கை. பிறகு ஆளுக்கொரு கல் கொடுப்பேன். எலுமிச்சங்காய் அளவு, முந்தின நாளே டெட்டால் விட்டுக் கழுவி வாளியில் வைத்திருப்பது. ஒவ்வொருவராக உள்ளே போட, அடியில் சத்தம் கேட்கிறவரை நான் எண்ணுவேன். அதற்காகவே இரண்டாம் தடவை வருகிறவர்கள் உண்டு.

சுப்புத்தாய்க்கு இது பிடிக்கவில்லை. கரட்டடியில் ஆடு மேய்க்கிறவள், அறுபது வயது இருக்கும். வாய் நிறைய வெற்றிலையோடு கூட்டத்துக்குள் நுழைவாள். கூடவே ஆடுகள், அதுகளின் புழுக்கை, அந்த வீச்சம். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

“இது எங்க தாத்தா வெட்டுன கிணறுல்லா. தண்ணி வரல்லன்னு போட்டுட்டாவ. தங்கக்குழிய எல்லாம் கம்பெனிக்காரன் போம்போதே மூடிட்டுப் போயிட்டான்.”

சொல்லிவிட்டு, நான் தேய்த்துக் கழுவிய கல்கட்டின் மேல் சிவப்பாகத் துப்பினாள். சிலர் சிரித்தார்கள், சிலர் என்னைப் பார்த்தார்கள். பார்த்தது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் சொன்னது நிஜம்தான், ஆனால் மூடிப்போன குழியை யாரிடம் காட்டுவது? எனக்கு ஆகாதது அந்த எச்சில் ஒன்றுதான். இதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் அவளுடைய குட்டி ஒன்று உள்ளே விழுந்து செத்தது. அதிலிருந்து உடைமுள்ளை வெட்டி வந்து குழியைச் சுற்றி வேலி போடுவாள். சனிக்கிழமைதோறும் நான் அதை இழுத்து அப்புறப்படுத்துவேன். போன சனிக்கிழமை மத்தியானமும் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து குழிக்கு முதுகு காட்டி நின்று, முள்கிளையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆடு விழுந்த இடத்துல நாளைக்குப் பிள்ள விழும், சார். யூனியன் ஆபீசுல மனு குடுத்துட்டேன். திங்கக்கிழம மண்ணடிக்க வாராவ. ஒங்க நடைய வேற பக்கம் வச்சுக்கிடுங்க.”

பேசும்போது ஒரு துளி என் கன்னத்தில் தெறித்தது. அவள் பலமாக இழுத்துக்கொண்டிருந்தாள். நான் கையை விட்டேன். தள்ளவில்லை, ஐயா, விட்டேன். முகத்தைத் துடைக்கக் கை வேண்டுமில்லையா?

அடியில் சகதியும், ஆறு வருடம் ஜனங்கள் வீசிய பாட்டில்களும் மெத்தையாகக் கிடந்தன. அதனால் அவள் சாகவில்லை. முனகல் கேட்டது. தீயணைப்புக்குச் சொல்லலாம் என்று போனைக்கூடக் கையில் எடுத்தேன். ஆனால் வண்டி வந்தால் பின்னாலேயே ஒரு ஊர் வரும், வந்தவன் எல்லாம் துப்புவான். மறுநாள் நடைக்கு இருபத்து மூன்று பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். கல்கட்டைக் கழுவினேன். அவளுடைய ஆடுகளை ஓட்டிப்போய்ப் பட்டியில் அடைத்துத் தண்ணீர் வைத்தேன். வாயில்லாச் சீவன்களைத் தவிக்க விட எனக்கு மனம் வராது. அவள் மகன் மாரிராஜ் ராஜபாளையத்தில் மில் வேலை, செவ்வாய்க்கிழமைதான் ஊருக்கு வருவான். வேறு தேட ஆள் கிடையாது.

ஞாயிறு காலை முதல் கல் விழுந்ததும் குரல் வந்தது. ஒரு ராத்திரி போன பிறகும் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்கள். இதைத்தான் சொன்னேன், நூற்று முப்பது வருடத்துக் குரல் என்றேன். சார் உள்ளே ஸ்பீக்கர் வைத்திருக்கிறார் என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். ஆறு வருடத்தில் எனக்கு யாராவது கைதட்டியது அன்றைக்குத்தான். ஒருவன் வீடியோ எடுத்தான். இருபத்திரண்டு பேர் கல் போட்டார்கள். நான் எண்ண மட்டுமே செய்தேன்.

கடைசியாக நின்றது ஷிரின் பானு, கடையநல்லூர்ப் பெண், துபாயிலிருந்து லீவில் வந்தவள். கல்லைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து கேட்டாள்.

“சார், இது நெசமாவே ஆளு சத்தம் மாதிரில்லா இருக்கு.”

அதுதானம்மா இந்த இடத்தின் விசேஷம் என்றேன். அவள் கல்லைப் போடவில்லை. கல்கட்டின் மேல் வைத்துவிட்டு வேனுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை மண் லாரி வரவில்லை. வந்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு சிரமம் இருந்திருக்காது. செவ்வாய்க்கிழமை மாரிராஜ் அம்மாவைத் தேடினான். அவன் போனுக்கு யாரோ அனுப்பிய வீடியோவை ஹெட்செட் மாட்டிக் கேட்டானாம். காலையில் நீங்களும் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். “கல்லு போடாதிய சார், நாந்தான் சுப்புத்தாயி.” எனக்கு ஹெட்செட் தேவைப்படவில்லை, ஐயா. ஞாயிற்றுக்கிழமையே தெளிவாகக் கேட்டது.

தலையில் பட்டது யார் போட்ட கல் என்று கேட்டீர்கள். அந்த இருபத்திரண்டு பேரை அலைக்கழிக்க வேண்டாம். அவர்கள் எல்லோரும் நடுவில்தான் போட்டார்கள். அவள் வடக்கு ஓரமாக ஒண்டிக் கிடந்தாள். ஷிரின் பானு வைத்த கல் அங்கேயே இருந்தது. கழுவித் துடைத்த இடத்தில் ஒரு கல் அனாவசியமாகக் கிடந்தால் எப்படி விட்டுவிட்டு வர முடியும்? எல்லோரும் வேனில் ஏறிய பிறகு அதை எடுத்தேன். வடக்கே சுற்றிப் போய் நின்று, குரல் வருகிற இடம் பார்த்துப் போட்டேன். அதோடு சத்தம் நின்றது. சோப்புப் போட்டுக் கை கழுவினேன். சர்ச்சில் ஒன்பது மணி ஆராதனைக்கு நேரம் தவறாமல் போய்விட்டேன். என் மேல் ஒரு துளி படவில்லை.