நூம்பல் கொட்டகையில் பிடித்த நஞ்சுக்கொடிகள் குறித்து

என் பெயர் தஸ்தகீர், வயது 56. தகப்பனார் காலஞ்சென்ற மதார் சாயபு. பூந்தமல்லி பழைய பள்ளிவாசல் தெருவில் மனைவி நஜ்மாவுடன் குடியிருந்து, வீட்டை ஒட்டியே ஆட்டுக்கறிக் கடை நடத்தி வருகிறேன். எனக்கு ஒரே மகள், பெயர் மஹீரா. இந்த வழக்கில் சம்பந்தப்பட்ட ராஷித் அவளுடைய கணவர், என் மருமகன்.

மருமகன் போன வருடம் கூரியர் வேலையை விட்டுவிட்டு, நூம்பலில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து செம்மறி ஆடு வளர்க்கப் போவதாகச் சொன்னார். அறுப்பு, உரிப்பு எல்லாம் என்னிடம் கற்றுக்கொண்டவர் என்பதால் எனக்குச் சந்தோஷம். சந்தைக்குப் போனால் சினை ஆடாகவே பார்த்து வாங்கிவருவார். குட்டி போட்டுப் பெருகட்டும் என்றுதான் வாங்குகிறார் என்று நான் நினைத்தேன். அதன் பிறகு பல மாதமாகியும் ஒரு குட்டியைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை. கேட்டதற்கு, வெளியூர்க்காரர்கள் வந்து வாங்கிப் போய்விடுவதாகச் சொன்னார்.

அதே சமயத்தில் மஹீராவுக்கு முகத்துக்கு ஒரு கிரீமும் தலைக்கு ஒரு சீரமும் கொண்டுவந்து கொடுத்தார். வெளியே பார்லர்களில் அதற்கு நல்ல கிராக்கி என்றார். கடையில் ஐஸிலும் தண்ணீரிலும் கை வைத்து எனக்கு விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும். மகள் வரும்போதெல்லாம் அந்தக் கிரீமை எடுத்து என் கையில் தேய்த்துவிடுவாள். ரோஜா வாசனை அடிக்கும். வெடிப்பும் ஆறியது.

சென்ற வெள்ளிக்கிழமை காலை மருமகன் உரித்த ஆடு ஒன்றைக் கடைக்கு அனுப்பிவைத்தார். கிடாய் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தொங்கவிட்டுக் கத்தி வைத்ததும் மடி அறுபட்டு, ரத்தத்தோடு பால் இறங்கியது. சீம்பால், மஞ்சளாகக் கெட்டியாக என் மணிக்கட்டில் வழிந்தது. சிறு வயது முதல் இந்தத் தொழில் செய்கிறேன், கிடாய் என்று வந்த ஆட்டில் பாலைப் பார்த்தது அன்றுதான். அந்தக் கறியை விற்காமல் குழி வெட்டிப் புதைத்தேன். அதன் பிறகு கடையைச் சாத்திவிட்டு, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நூம்பலுக்குப் போனேன்.

கொட்டகையில் மருமகனும், கிரீம் கம்பெனிக்குச் சரக்கு எடுக்கும் மோகன் என்பவரும் இருந்தார்கள். சுவரோரம் நீல டிரம் இருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே சுண்ணாம்பு தூவி, பிறக்காத குட்டிகளைப் போட்டிருந்தார்கள். மேலே கிடந்த குட்டியின் குளம்பு இறுகாமல், வெந்த முட்டைக் கரு மாதிரி இருந்தது. பக்கத்தில் ஐஸ் பெட்டிக்குள் நஞ்சுக்கொடிகளைப் பாலிதீன் கவரில் கட்டி அடுக்கியிருந்தார்கள். மோகன் கூச்சமே இல்லாமல் விளக்கினார். இதிலிருந்து புரோட்டீன் இறக்கித்தான் கிரீமிலும் சீரத்திலும் கலப்பதாகவும், ஆடு தானாகக் குட்டி போடும் வரை காத்திருந்தால் கட்டுப்படியாகாது என்பதால் வயிற்றைக் கிழித்து எடுப்பதாகவும், கறி சும்மா உபரி என்றும் சொன்னார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். பிறகு வேட்டியில் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது மூலையில் கட்டியிருந்த ஆட்டுக்கு வலி கண்டிருந்தது. நான் போய் உட்கார்ந்து குட்டியை வெளியே எடுத்து, மூக்கில் இருந்த சளியை வழித்துவிட்டேன். உயிரோடு இருந்தது. தாய் நக்க ஆரம்பித்தது. நஞ்சுக்கொடி மட்டும் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மோகன் டிரேயோடு வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"கீய வுடாத பாய், மண்ணு ஒட்டிக்கும். சூடா கீது, இதான் ஃபஸ்ட் குவாலிட்டி" என்றார்.

சொல்லிக்கொண்டே அதைப் பிடித்து இழுத்தார். ஆடு கத்தியது. நான் பக்கத்தில் இருந்த இரும்பு வாளியை எடுத்து அவரை அடித்தேன். அவருக்கு முன்கை எலும்பு முறிந்ததாகப் பின்னர் அறிந்தேன். அடித்தேன் என்பது உண்மை. வருத்தப்படுகிறீர்களா என்று அதிகாரி கேட்டதற்கு இல்லை என்றேன்.

அதன் பிறகு மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, போலீஸ் கீலீஸ்னு போய்டாதீங்க. உங்க பொண்ணு வாழ்க்கைய நென்ச்சுப் பாருங்க" என்றார். நான் மகளுக்குப் போன் செய்து வரச் சொன்னேன். ஆட்டோவில் வந்தாள். அவளே போய் டிரம்முக்குள் பார்த்தாள். வெளியே ஓடினாள். பிறகு அங்கிருந்த குழாயில் முகத்தையும் தலையையும் கழுவினாள், தோல் சிவந்த பிறகும் தேய்த்தாள். மருமகன் துண்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

அதன் பிறகு நான் போலீசுக்குத் தகவல் கொடுத்தேன். வந்து டிரம்மையும் பெட்டியையும் கைப்பற்றினார்கள்.

நேற்று சம்பந்தி ஜமாஅத்தார் சிலரோடு என் வீட்டுக்கு வந்து, மோகன் பெயரையும் கம்பெனி பெயரையும் சொல்லிவிட்டு மருமகன் பெயரை மட்டும் விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். அவர் அழுததைப் பார்த்து எனக்கும் மனம் இளகியது. உள்ளே போய் மகளைக் கேட்டேன்.

"அவர் பேர மொதல்ல சொல்லுங்க அத்தா" என்றாள்.

ஆகவே சினை ஆடுகளை அறுத்தவர் என் மருமகன் ராஷித் என்று முதலாவதாகச் சொல்கிறேன். நஞ்சுக்கொடிகளை வாங்கியவர் மோகன்.

எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லை, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்)
ம. தஸ்தகீர்