ஆவாரம்பூவின் மஞ்சள்

ஆவாரம்பூவை வெயில் ஏறுவதற்கு முன் பறித்துவிட வேண்டும், ஐயா. ஏறிவிட்டால் இதழ் சுருண்டு உதிர்ந்துபோகும். என் வீட்டில் உலர்த்தி வைத்திருந்ததை உங்கள் போலீஸ்காரர் நேற்று முறத்தோடு கவிழ்த்துவிட்டார். போகட்டும், அவருக்கு என்ன தெரியும்.

நான் பாண்டுரங்கன், உத்திரமேரூரில் ரசாயன ஆசிரியர். அம்முலு என் தம்பி வேதாசலத்தின் மகள். காவாந்தண்டலத்தில் அவனுக்கு நெல்லும் வேர்க்கடலையும்தான் உலகம். சின்ன வயதிலேயே பெண்ணுக்குச் சர்க்கரை நோய் வந்து, இரண்டு வேளையும் இன்சுலின் போட்டால்தான் உயிர் தங்கும் என்றானதும் ஆடிப்போனான். நான்தான் என் வீட்டுக்கு அழைத்துவந்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்து, ஊசியைக் கொதிக்கவைத்துப் போட்டுவிட்டேன். மருந்துக் குப்பியை ஈரமணல் பானையில் வைத்துக் காத்தேன். பெற்றவன் செய்யாததைச் செய்தேன் என்று ஊரே சொல்லும், கேட்டுப்பாருங்கள்.

அந்தப் பூவின் மஞ்சளில் ஃபிளேவனாய்டு என்று ஒரு சத்து இருக்கிறது. இரத்தத்தில் ஏறிய சர்க்கரையை அது இறக்கும் என்பது என் கட்சி. பூவை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, ஸ்பிரிட் ஆவியானதும் அடியில் தங்குவதைச் சுரண்டி, கஷாயத்தில் கலந்து அவளுக்குக் கொடுத்துவந்தேன். காலையில் அவள் சிறுநீரை நீலக் கரைசலில் சில சொட்டு விட்டுக் காய்ச்சுவேன். சர்க்கரை இருந்தால் அது பச்சை, மஞ்சள் என்று மாறிக் கடைசியில் செங்கல் நிறத்துக்குப் போகும். அம்முலுவுடையது நீலமாகவே நின்றது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

காஞ்சிபுரத்தில் ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றிப் பேசினேன். வந்திருந்த டாக்டர் ஒருவர் எழுந்து, "சார், ஊசியும் போட்டுக்கிட்டு பூவும் குடுத்தா, எது வேலை செஞ்சுதுன்னு யார் கண்டது?" என்றார். சபை சிரித்தது. என்னிடம் படித்து ஆசிரியரானவர்களும் சிரித்தார்கள். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது, மறைக்கவில்லை. ஆனால் நியாயமான கேள்வி. பதில் சொல்லியாக வேண்டும் அல்லவா?

ஆகவே இரண்டில் ஒன்றை நிறுத்த வேண்டியிருந்தது. பூவை நிறுத்தி என்ன பிரயோஜனம்? குப்பியிலிருந்த இன்சுலினை உறிஞ்சி எடுத்துவிட்டுத் தண்ணீரை ஏற்றினேன். குப்பியைச் சோதித்த உங்கள் ரிப்போர்ட் சொல்வது சரிதான். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெளிவாக இருக்கும், பெண் கண்டுபிடிக்கவில்லை. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், ஐயா. அசுத்தமான தண்ணீரை ஒரு குழந்தைக்கு ஏற்றுகிறவன் இல்லை நான்.

கரைசல் செங்கல் நிறம் காட்டியது. கரைசல் பழசு என்று புதிதாகக் கலக்கினேன், மறுபடியும் செங்கல். கஷாயத்தைக் கூட்டினேன். அவள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள்.

"பெரிப்பா, ஊசி போட்டும் ஏன் இப்டி தாகமா கீது? காலெல்லாம் இழுக்குது" என்றாள்.

வெயில் காலம் என்றேன். ஊசிக்குக் கையை அவளே நீட்டுவாள், முகம் சுளிக்க மாட்டாள். நல்ல பிள்ளை.

பிறகு வாந்தி. மூச்சு இரைத்தது, அதில் அழுகிய பழ வாடை. யாரோ சொல்லி வேதாசலம் வண்டி கட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"இன்னாண்ணே, புள்ள இப்டி கீது? ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்."

ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக இன்சுலினை ஏற்றுவார்கள். பூ வேலைசெய்யத் தொடங்குகிற நேரத்தில் எல்லாம் கெட்டுவிடும். "வெல்லத்த திருடித் துன்னுகினு கீறா. வாயக் கட்டினா சரியாப் பூடும்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது.

அவன் பாய்மேல் குனிந்தான். "துன்னியாடி? உண்மையச் சொல்லு."

"துன்னல நைனா. சத்தியமா துன்னல. பெரிப்பாவையே கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேதாசலம் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தான். கோபமில்லை, பயம். அதற்கப்புறம் அவள் பேசவில்லை. மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

ஆமாம், நான்தான். ஊசியை நிறுத்தியதும் நான், ஆஸ்பத்திரிக்கு விடாததும் நான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். பூவின்மேல் தப்பில்லை, அளவுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். வெளியே என் தம்பி உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் விஷயத்தை அவனிடம் சொல்லிவிடுங்கள், எப்படியும் தெரிந்துவிடும். வெல்லம் மட்டும் அவள் தின்றதாகவே இருக்கட்டும். தின்னவில்லை என்று தெரிந்தால், அடித்த அந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் எப்படி உயிரோடிருப்பான்? கூடப்பிறந்தவன், ஐயா. அவனை நோகடிக்க எனக்கு மனம் வராது.