கறுக்காத பூச்சி

2024 பெப்ரவரி 3 ஆம் திகதி, சனிக்கிழமை, மானிப்பாயில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம் நடந்தது. நாற்பது பேர் வந்திருந்தார்கள். தேத்தண்ணியும் வடையும் தந்தார்கள். வடை நன்றாக இருந்தது.

என் பெயர் குகதாசன். பயிர்களிலும் பூஞ்செடிகளிலும் இருக்கும் சின்னப் பூச்சிகளைச் சேகரித்து, இன்னதென்று சொல்வது என் வேலை. இருபத்தாறு வருடங்களாகச் செய்கிறேன். இலையை வெள்ளைத் தாளின் மேல் தட்டி, விழுவதை ஈரத் தூரிகையால் தொட்டெடுத்து, வில்லைக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். நான் பெயர் சொன்ன பிறகுதான் என்ன மருந்து அடிப்பது என்று ஆட்கள் முடிவெடுப்பார்கள்.

வினோஜா தகப்பன் பரமலிங்கத்தோடு சேர்ந்து பூங்கன்று வளர்த்து விற்பவள். அவளுடைய செவ்வரத்தைக் கன்றில் இருந்தது பப்பாசி வெண்மூட்டுப் பூச்சி என்று முந்தின கிழமை அவளிடம் சொன்னதையே கூட்டத்திலும் அறிவித்தேன். அரிசிமாவில் புரட்டியெடுத்ததுபோல இருக்கும். பப்பாசியில் விழுந்தால் குருத்தைச் சுருட்டிக் காயை உதிர்த்து மரத்தையே கொன்றுவிடும். என் சொல் நின்றால் அவளிடம் இனி யாரும் கன்று வாங்கமாட்டார்கள். அவள் எழுந்து கைப்பையிலிருந்து ஒரு சிறு போத்திலை எடுத்தாள்.

“சேர், உந்தப் பூச்சியெண்டால் ஸ்பிரிட்டிலை போட்டு ரெண்டு நாளிலை கறுக்கோணும். இது அஞ்சு நாளாக் கிடக்கு. பாருங்கோ, அப்பிடியே மஞ்சளாக் கிடக்கு.”

அவள் சொன்னது சரி. அந்தச் சோதனையை நான் செய்யவில்லை. செடியைப் பார்த்தே பூச்சிக்குப் பெயர் வைத்துவிட்டேன். பழகிய கைக்கு வரும் பிழை அது. அவளுடைய காணிக்குப் பக்கத்தில் பப்பாசித் தோட்டம் வைத்திருக்கும் சீவரத்தினம் பின்வரிசையில் இருந்தார்.

“பூச்சி கறுக்கேல்லை. சேரின்ரை முகந்தான் கறுத்துப் போச்சு” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்குக் கோபம் இருக்கவில்லை. அறிக்கைக்கும் தோட்டத்துக்கும் பொருத்தம் இல்லை, அவ்வளவுதான். அறிக்கையில் ஏற்கெனவே கையெழுத்து வைத்திருந்தேன். ஆகவே தோட்டத்தை மாற்றினேன்.

பண்டத்தரிப்பில் ஆளில்லாத காணியொன்றில் ஒரு பப்பாசி இந்தப் பூச்சியால் செத்துக்கொண்டிருந்தது. முட்டைப் பைகளோடு சில இலைகளை எடுத்தேன். இந்த முறை பிழை விடக்கூடாது என்று நாலைந்தை ஸ்பிரிட்டில் போட்டுப் பார்த்தேன். கறுத்தன. அடுத்த கிழமை மன்னிப்புக் கேட்பதற்கென்று வினோஜாவிடம் போனேன்.

“ஐயோ சேர், உதுக்காகவே வந்தனீங்கள்? இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்.”

தண்ணீர் கொதிக்கும் நேரத்துக்குள் பதினெட்டுக் கன்றுகளில், இலைகளின் அடிப்புறத்தில், முட்டைப் பைகளை வைத்து முடித்தேன். தேத்தண்ணியில் சீனி கொஞ்சம் கூட.

மூன்று கிழமையில் அவளே தொலைபேசி எடுத்தாள். குரல் இறங்கியிருந்தது. “சேர், இப்ப கறுக்குது.”

பக்கத்துத் தோட்டத்துக்கு அது தானாகவே போயிருக்கும். ஆனால் அதைக் காவிப்போகும் சோளகக் காற்றுத் தொடங்க இன்னும் நாள் இருந்தது. அதனால் சீவரத்தினத்தின் வேலியோரப் பப்பாசிகளிலும் நானே வைத்தேன். அவர் சொன்ன பகிடிக்காக அல்ல. பரவுகிறது என்று எழுத இரண்டாவது இடம் ஒன்று வேண்டும்.

சித்திரைக் கடைசியில் சீவரத்தினம் ஏழெட்டுப் பேரோடு அவளுடைய படலைக்கு வந்தார். என்னையும் கூட்டிவந்தார்.

“போத்திலைக் காட்டி எங்களைப் பேய்க்காட்டினனீ, என்ன? சேர் அண்டைக்கே சொன்னவர். உன்ரை கண்டெல்லாத்தையும் கொளுத்து. இல்லாட்டி நாங்கள் கொளுத்துவம்.”

பரமலிங்கம் கும்பிட்டார். “ஒரு கிழமை தாங்கோ அண்ணை, மருந்தடிச்சுத் துப்பரவாக்கிறம். சேர், நீங்கள் சொல்லுங்கோ, என்னத்தை அடிக்கிறது?”

மோசமான கன்றுகளை அகற்றிவிட்டு, மற்றவற்றுக்குச் சவர்க்காரத் தண்ணீர் பீய்ச்சினால் போதும். அது எனக்குத் தெரியும். அப்படி எழுதினால் சின்ன விஷயமாகிவிடும். இருப்பதில் கடுமையான மருந்தை எழுதிக் கொடுத்தேன். கன்றுகள் நிற்கும் பொலித்தீன் கூடாரத்தை மூடிவைத்து மூன்று நாள் தொடர்ந்து அடிக்கச் சொன்னேன். முகமூடி அணிய வேண்டும் என்றும் எழுதினேன். தாள் உங்களிடம் இருக்கிறது, கடைசி வரியைப் பாருங்கள். பரமலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு மருந்தடிப்பவர். அதை முன்பு பலமுறை கண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் கூடாரத்துக்குள் விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். விபத்து என்று முடிவானது.

செத்தவீட்டில் வினோஜா என்னிடம் எழுந்து வந்தாள். “சேர், நீங்கள் முதல் சொன்னதைக் கேட்டிருந்தால் அப்பா இருந்திருப்பார்.”

“ஓம் பிள்ளை” என்றேன்.

கேட்காமலே ஏன் பொலிஸ் நிலையத்துக்கு வந்து சொல்கிறேன் என்றீர்கள். போன மாதம் வெளியூரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், பூச்சி காற்றில் வந்தது என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அரைகுறை வேலை. அது காற்றில் வரவில்லை. நான் கொண்டுவந்து வைத்தேன், இரண்டு தோட்டத்திலும். அதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். பரமலிங்கத்தின் சாவை இதோடு சேர்க்க வேண்டாம். அவர் அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை.

முப்பத்தொராம் நாள் அந்திரட்டி முடிந்த மறுநாள் வினோஜா கன்றுகள் எல்லாவற்றையும் கொளுத்தினாள். மண்ணெண்ணெய் கொண்டுவந்தவர் சீவரத்தினம்.